சுரங்கத்துக்குள் டீசல் புகை: நம்ம பக்கத்துப் பையன்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை

எனக்குச் சொந்த ஊர் காவேரிப்பட்டணம். 16 வருடம் வெளி மாநில உலோகச் சுரங்கங்களில் லோடர், டம்பர் ரிப்பேர் பார்த்தேன். இப்போது கிருஷ்ணகிரியில் பட்டறை வைத்திருக்கிறேன். பர்கூர், ஊத்தங்கரை, பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கும் மெட்ரோ குகை வேலைக்கும் போகிற பையன்கள் போன் போட்டு ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். சிலருக்குப் பதிலாக அவர்கள் வீட்டுப் பெண்கள் கேட்கிறார்கள். அவரவர் கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். எண் போட்டதற்குக் காரணம், முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லாமல் இருக்கத்தான்.

1. பூமிக்கு அடியில எதுக்குண்ணா டீசல் வண்டி? எல்லாத்தையும் கரண்ட்ல ஓட்டக்கூடாதா?

ஓட்டலாம். நம்ம ஊருக்குப் பக்கத்திலேயே அதற்கு உதாரணம் இருக்கிறது. கோலார் தங்கவயலுக்கு 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் கொண்டுபோனார்கள். மெட்ரோ குகை தோண்டுகிற பெரிய இயந்திரமும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. ஆனால் அதற்குப் பின்னால் மண் அள்ளிப் போகவும், சிமெண்ட் வளையத் துண்டுகளைக் கொண்டுவரவும் பல இடங்களில் டீசல் இன்ஜின் வண்டிதான். சுரங்கத்தில் லோடர் ஒரு ஷிஃப்டுக்குள் நாலு முகப்புக்கு, அதாவது பாறையை வெட்டி முன்னேறுகிற முனைக்கு, போய்வர வேண்டும். கேபிளை இழுத்துக்கொண்டு அப்படி அலைய முடியாது. பேட்டரி லோடர்கள் வந்துவிட்டன, வரட்டும். அதுவரைக்கும் இருக்கிற டீசலைச் சுத்தமாக வைப்பதுதான் நம்ம கையில் இருப்பது.

பெட்ரோல் வண்டியை உள்ளே விடுவதில்லை. அது டீசலைவிடப் பல மடங்கு கார்பன் மோனாக்சைடு கக்கும், தீயும் சீக்கிரம் பிடிக்கும்.

2. புகையே கண்ணுக்குத் தெரியலைன்னா வண்டி சுத்தம்னு அர்த்தம்தானே?

இல்லை. என்னிடம் வரும் கேள்விகளில் அதிகம் பயப்பட வைப்பது இதுதான். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்கிறது, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக. நைட்ரிக் ஆக்சைடும் கண்ணுக்குத் தெரியாது. கண்ணில் படுவது கரி மட்டும்தான். அதிலும் பெரும்பாலான துகள்கள் ஒரு மைக்ரானுக்குக் கீழே. தலைமுடி கிட்டத்தட்ட 70 மைக்ரான் பருமன் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அவ்வளவு சின்னது மூக்கிலும் தொண்டையிலும் நிற்காது, நுரையீரலின் அடி வரைக்கும் போகும்.

2012 ஜூனில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, டீசல் இன்ஜின் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் வகுப்பில் சேர்த்தது. அதற்கு முக்கியமான சான்றாக நின்றது அமெரிக்காவில் 8 சுரங்கங்களின் 12,315 தொழிலாளர்களை வைத்து நடந்த ஆய்வு. கோலாருக்குப் போன நம்ம தாத்தாக்கள் கல்தூசியில் நெஞ்சு போய்த் திரும்பி வந்ததைப் பார்த்த ஊர் இது. அந்தத் தூசி கண்ணுக்காவது தெரிந்தது.

3. கறுப்புப் புகை, வெள்ளைப் புகை, நீலப் புகைன்னு சொல்றாங்களே, என்ன வித்தியாசம்?

கறுப்பு என்றால் டீசல் அதிகம், காற்று குறைவு. நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது, ரிங்கையோ டர்போவையோ பாருங்கள். வெள்ளை என்றால் டீசல் எரியாமல் வருகிறது, இல்லையென்றால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்த உடனே கொஞ்ச நேரம் வெள்ளை வந்தால் பதற வேண்டாம். இன்ஜின் சூடான பிறகும் வந்தால் வண்டியை உள்ளே விடாதீர்கள்.

4. புகையைக் குறைக்கணும்னா முதல்ல எதுல கை வைக்கணும்?

ஏர் ஃபில்டரில். சிரிக்காதீர்கள், உண்மையாகவே ஏர் ஃபில்டரில்தான். சைலன்சர் முனையில் எவ்வளவு விலைக்குச் சாமான் மாட்டினாலும், இன்ஜினுக்குள் காற்று சரியாகப் போகவில்லை என்றால் அது வீண். சுரங்கத்தூசியில் ஏர் ஃபில்டர் எவ்வளவு சீக்கிரம் அடைக்கும் என்று வெளியில் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியாது. அடுத்தது நாசில். சரியான நாசில் டீசலைப் பனி மாதிரி தூவ வேண்டும். சொட்டினால் அந்தச் சொட்டு முழுதும் எரியாது, கரியாகும். மூன்றாவது டீசல் பம்ப். இழுவை போதவில்லை என்று டிரைவர் கெஞ்சுவார், மெக்கானிக் பம்ப் ஸ்குரூவை அரைச் சுற்று திருப்பிவிடுவார். வண்டி துள்ளும், டீசல் கூடப் போகும், உள்ளே இருக்கிற அத்தனை பேரும் அந்த அரைச் சுற்றைச் சுவாசிப்பார்கள். அதை நான் ஒருநாளும் செய்ததில்லை, யாருக்கும் செய்து தரவும் மாட்டேன்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க வாயு அளக்கும் கருவி வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டு, கியரில் போட்டு, முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, லோடில் வரும் புகையைக் குழாயிலேயே அளக்க வேண்டும். சும்மா நிற்கும்போது அளந்த அளவு எதற்கும் ஆகாது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நோட்டு போட்டு மாதாமாதம் எழுதி வையுங்கள். போன மாதத்தைவிட கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்தால், டிரைவருக்குத் தெரிவதற்கு முன்னாலேயே அந்த நோட்டு காட்டிக்கொடுக்கும்.

டீசலும் முக்கியம். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்கப் பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது பத்து லட்சத்தில் 10 பங்குதான் கந்தகம் உள்ள பிஎஸ்-6 டீசல். அதையே வாங்குங்கள். பேரலில் வரும் பெயர் தெரியாத எண்ணெயை வண்டிக்கு ஊற்றாதீர்கள். காரணம் 6-ல் வருகிறது.

5. எங்க வண்டியில புகைய தண்ணித் தொட்டிக்குள்ள விட்டு எடுக்குறாங்க. அது போதும்தானே?

போதாது. தண்ணீர் புகையைக் குளிர்விக்கும், தீப்பொறியை அணைக்கும். தீப்பிடிக்கும் வாயு உள்ள நிலக்கரிச் சுரங்கத்துக்கு அது கட்டாயம் தேவைதான். கண்ணை எரிக்கிற வாயுக்களில் கொஞ்சத்தையும் கரியில் ஒரு பங்கையும் பிடிக்கும். ஆனால் கார்பன் மோனாக்சைடு தண்ணீரில் கரையாது, நைட்ரிக் ஆக்சைடும் கரையாது. குமிழியாக உள்ளே போய்க் குமிழியாகவே வெளியே வரும்.

கண் எரிச்சல் குறைவதால் சுத்தமாகிவிட்டது என்று தோன்றும், அதில்தான் ஆபத்து. தொட்டியில் மட்டம் குறையக் குறையப் பிடிப்பதும் குறையும், அதனால் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் நிரப்ப வேண்டும். அடியில் படியும் கறுப்புச் சேறு அமிலத்தன்மை உள்ளது. அதைக் குடிதண்ணீர்க் குழாய் ஓடும் பக்கம் திறந்துவிடுகிற பழக்கத்தைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். விடாதீர்கள்.

6. கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்னு ஒண்ணு மாட்டியிருக்காங்க. அது என்னதான் பண்ணுது?

தேன்கூடு மாதிரி ஓட்டைகள் உள்ள ஒரு டப்பா, உள்ளே பிளாட்டினம், பல்லேடியம் பூச்சு. சூடான புகை அதன் வழியாகப் போகும்போது கார்பன் மோனாக்சைடும் எரியாத டீசல் ஆவியும் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாறுகின்றன. நல்ல நிலையில் உள்ள கன்வர்ட்டர் கார்பன் மோனாக்சைடின் பெரும்பகுதியைத் தின்றுவிடும். ஆனால் அது வேலை செய்ய ஏறத்தாழ 200 முதல் 250 டிகிரி சூடு வேண்டும். ஐட்லிங்கில் நிற்கும் வண்டியில் அந்தச் சூடு வராது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நைட்ரிக் ஆக்சைடில் ஒரு பகுதியை இது நைட்ரஜன் டை ஆக்சைடாக மாற்றுகிறது. முன்னதைவிடப் பின்னது நுரையீரலுக்கு அதிகக் கெடுதல். அதனால் கன்வர்ட்டர் மாட்டிய பிறகு காற்றைக் குறைக்கிற யோசனை தப்பு. கந்தகம் உள்ள டீசலை ஊற்றினால் இன்னும் மோசம். பூச்சும் கெடும், சல்பேட் துகளாகப் புகை கூடவும் செய்யும்.

7. டிபிஎஃப் ஃபில்டர்தான் நல்லதுன்னு சொல்றாங்க. அது எப்படி வேலை செய்யுது?

டிபிஎஃப் என்றால் டீசல் புகையில் உள்ள கரித்துகளைப் பிடிக்கிற ஃபில்டர். கரியைப் பிடிப்பதற்கு அதைவிட நல்லது இன்றைக்கு இல்லை. பழைய ஃபில்டர் ஒன்றைக் கையில் வாங்கி முன்பக்கம் பாருங்கள். சதுரங்கப் பலகை மாதிரி ஒரு கட்டம் திறப்பு, ஒரு கட்டம் அடைப்பு. பின்பக்கம் திருப்பினால் முன்னால் திறந்திருந்த கட்டம் அடைத்திருக்கும். உள்ளே போன புகை நேராக வெளியே வர வழியில்லை. பீங்கான் சுவரின் நுண்துளைக்குள் நுழைந்து பக்கத்துக் கட்டத்துக்குப் போய்த்தான் வெளியேற வேண்டும். கரி சுவரில் நின்றுவிடும். கரியின் எடையில் 90 சதவீதத்துக்கு மேல் பிடிக்கும். ஆனால் வாயுக்களை அது தனியாக ஒன்றும் செய்யாது.

பிடித்த கரியை எரித்தாக வேண்டும். சும்மா எரிய 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும், ரசாயனப் பூச்சு இருந்தால் அதைவிடக் குறைவில் எரியும். லோடு இழுக்கிற வண்டியில் அது ஓடும்போதே நடந்துவிடும். ஐட்லிங்கில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிற வண்டியில் புகைச் சூடு 200-ஐக்கூடத் தொடாது, கரி ஏறிக்கொண்டே போகும். டிபிஎஃப் அடைக்குது என்று வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் இதுதான் நோய். ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கும் என்றால் அணைத்துவிடுங்கள்.

8. மஞ்ச லைட் எரியுது, வண்டி இழுக்கல. என்ன பண்ணட்டும்?

ஃபில்டர் நிரம்பிவிட்டது. முகப்பிலேயே நிறுத்தி எரிக்கிற பட்டனை அழுத்தாதீர்கள். அந்த நேரத்தில் சைலன்சர் வழியாக வரும் சூட்டுக்கு எண்ணெய்த் துணி ஒன்று பக்கத்தில் கிடந்தாலே போதும், பிடித்துக்கொள்ளும். அழுக்குக் காற்று வெளியேறுகிற பக்கம், ஆள் இல்லாத இடத்துக்கோ மேலேயோ கொண்டுபோய்ச் செய்யுங்கள்.

எரித்த பிறகும் சீக்கிரமே மறுபடி லைட் வந்தால் அது கரி இல்லை, சாம்பல். இன்ஜின் ஆயிலில் சேர்த்திருக்கும் கால்சியம், துத்தநாகம் எல்லாம் எரிந்து மிஞ்சுவது. எவ்வளவு சூடு கொடுத்தாலும் போகாது, ஃபில்டரைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். ஆயில் வாங்கும்போது டிபிஎஃப் வண்டிக்கான சிகே-4 மாதிரி சாம்பல் குறைந்த வகை கேளுங்கள். கழற்றிய ஃபில்டரை வெட்டவெளியில் வைத்துக் கம்ப்ரெஸ்ஸர் காற்று அடிக்காதீர்கள். பல மாதமாகப் பிடித்து வைத்த அத்தனையும் ஒரே நிமிடத்தில் உங்கள் முகத்துக்கு வரும். மூடிய பெட்டியும் உறிஞ்சும் கருவியும் உள்ள இடத்தில்தான் அதைச் செய்ய வேண்டும்.

9. ஃபில்டரை எடுத்துட்டா வண்டி நல்லா இழுக்குது. சூப்பர்வைசரே எடுக்கச் சொல்றாரு. எடுக்கலாமா?

கூடாது. நான் வேலை பார்த்த ஒரு சுரங்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மாதமாக ஒரே முகப்பில் வேலை செய்த ஏழெட்டுப் பேருக்கு ஷிஃப்ட் முடியும்போது தலைவலி. வெடிப்புகை என்றார்கள். சாப்பாடு சரியில்லை என்றார்கள். வண்டியைப் பார்த்தால் டிபிஎஃப் டப்பா பளபளவென்று மாட்டியே இருக்கிறது. இன்ஜின் ஆறிய பிறகு சைலன்சர் முனைக்குள் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினேன். விரல் முதல் கணு வரைக்கும் கறுப்பு, பிசுபிசுப்பாக, கண்மை மாதிரி. நல்ல ஃபில்டர் உள்ள வண்டியில் அந்த இடத்தில் வெள்ளைத் துணி வைத்துத் துடைத்தாலும் லேசான சாம்பல் நிறம்கூட வராது. டப்பாவைத் திறந்தோம். உள்ளே பீங்கானே இல்லை. இடித்து எடுத்துவிட்டு வெறும் தகரத்தைத் திரும்ப வெல்டிங் வைத்திருந்தார்கள். டன் கணக்கு குறையக்கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு யாரோ செய்த வேலை. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

இழுவை குறைந்தால் அதற்குக் காரணம் ஃபில்டர் முன்னால் ஏறியிருக்கும் அழுத்தம். அதை அளக்க மீட்டர் இருக்கிறது, எவ்வளவு வரை போகலாம் என்று இன்ஜின் கம்பெனி எழுதியே கொடுத்திருக்கும். அளந்து, 8-ல் சொன்னபடி சுத்தம் செய்யுங்கள். உங்கள் வண்டியில் ஃபில்டர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அந்த விரல் சோதனையே போதும்.

10. இவ்வளவும் மாட்டிட்டா ஃபேன் ஓட்டாம இருக்கலாமா? எவ்வளவு காத்து வேணும்?

ஃபேன் இல்லாமல் ஒரு நிமிடம்கூடக் கூடாது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வருகிறது. அதை எந்த ஃபில்டரும் பிடிக்காது. டீசலில் இருக்கும் சக்தியில் பாதிக்கு மேல் வெறும் சூடாகப் போகிறது, அதையும் காற்றுதான் வெளியே கொண்டுபோக வேண்டும்.

கணக்குக்குக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணச் சுரங்க விதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோவாட்டுக்கு வினாடிக்கு 0.06 கன மீட்டர். 100 கிலோவாட் லோடர் ஒன்று உள்ளே இருந்தால் வினாடிக்கு 6 கன மீட்டர், நிமிடத்துக்கு 360. இரண்டு வண்டி நுழைந்தால் இரண்டையும் கூட்ட வேண்டும். ஒரு வண்டிக்கான காற்றில் மூன்று வண்டி நிற்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மீட்டர் கையில் இல்லாதபோது நான் செய்வது இது. நாலுக்கு நாலு மீட்டர் பாதையில் அந்த 6 கன மீட்டர் காற்று ஓடினால், 8 வினாடியில் 3 மீட்டர் நகரும். ஒரு சிட்டிகை திருநீற்றை உயரத்தில் மெல்ல ஊதிவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் அது போவதைப் பாருங்கள். அசையாமல் அங்கேயே இறங்கினால் காற்று இல்லை. வண்டியை நிறுத்திவிட்டு ஃபேன் ஆளைக் கூப்பிடுங்கள். பெரும்பாலும் ஃபேன் காற்றை முகப்புக்குக் கொண்டுபோகும் டக்ட் துணி எங்கேயாவது கிழிந்திருக்கும், இல்லையென்றால் முகப்பு முன்னேறிப் போயிருக்கும், டக்ட் பின்தங்கியிருக்கும். மூன்றாவதாக ஒன்றையும் பாருங்கள்: ஃபேன் வைத்த இடத்தில் வெளியேறும் புகையே சுற்றி வந்து மறுபடி உள்ளே போகிறதா என்று.

11. மாஸ்க் போட்டா போதாதா?

என்-95 கரித்துகளைப் பிடிக்கும், போடுங்கள். வாயு எதையும் பிடிக்காது. கரித்தூள் வைத்த மாஸ்க்கும் கார்பன் மோனாக்சைடை நிறுத்தாது. ஈரத்துண்டைக் கட்டிக்கொள்வது தண்ணித் தொட்டிக்குத் தம்பி, 5-ஐப் பாருங்கள்.

12. நம்ம வயல்ல போடுற யூரியாவைத் தண்ணியில கரைச்சு ஊத்தலாமா? டெஃப் விலை ஜாஸ்தியா இருக்கு.

தருமபுரி மாவட்டத்திலிருந்து மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். டெஃப் என்பது சில வண்டிகளில் சூடான புகைக்குள் தெளிக்கிற திரவம்: 32.5 சதவீதம் சுத்தமான யூரியா, மீதி அயனி நீக்கிய தண்ணீர். சூட்டில் அது அம்மோனியாவாகி, நைட்ரஜன் ஆக்சைடுகளை வெறும் நைட்ரஜனாகவும் தண்ணீராகவும் மாற்றுகிறது. 6-ல் சொன்ன சிக்கலுக்கு இதுதான் மருந்து. கடையில் விற்கும் 45 கிலோ மூட்டை யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூசியிருக்கும். அந்த எண்ணெயும் உப்பும் தெளிக்கும் நாசிலை அடைத்து, உள்ளே இருக்கும் விலை உயர்ந்த பூச்சையும் கெடுத்துவிடும். மானிய உரத்தை வண்டிக்கு ஊற்றுவது சட்டப்படியும் குற்றம்.

13. புங்க எண்ணெய் கலந்தா புகை குறையும்னு தாத்தா சொல்றாரு?

தாத்தா சொல்வதில் பாதி சரி. புங்க எண்ணெயை முறையாகப் பயோடீசலாக மாற்றிக் கலந்தால் அதில் ஆக்சிஜன் இருப்பதால் கரி குறையும், நைட்ரஜன் ஆக்சைடு லேசாகக் கூடலாம். செக்கில் ஆட்டிய எண்ணெயை அப்படியே ஊற்றினால் கெட்டியாக இருப்பதால் நாசில் பிசின் பிடித்து, புகை முன்பைவிட அதிகமாகும்.

14. நாங்க கல் குவாரிதான். மேல வானம் திறந்திருக்கே, எங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?

மார்கழி, தை மாதக் காலையில் ஆழமான கிரானைட் குழிக்குள் இறங்கியவர்களுக்கு இது தெரியும். இரவில் குளிர்ந்த கனமான காற்று குழியின் அடியில் தேங்கி நிற்கும். வெயில் அடித்தளத்தைத் தொடுகிற வரைக்கும் அது மேலே எழும்பாது. ஆறு மணிக்கு எக்ஸ்கவேட்டர், கம்ப்ரெஸ்ஸர், டிப்பர் எல்லாம் ஒன்றாக ஸ்டார்ட் செய்தால், கம்பளிக்குள் படுத்துக்கொண்டு புகை விட்ட மாதிரிதான். பர்கூர் பக்கத்தில் ஒரு குழியின் விளிம்பில் நின்று பார்த்தேன். கீழே நீலச் சாம்பல் நிறத்தில் ஏடு படிந்த மாதிரி ஒரு தட்டு, அதற்குள் ஆட்களின் இடுப்புக்குக் கீழே சரியாகத் தெரியவில்லை.

கம்ப்ரெஸ்ஸரைக் குழிக்குள் இறக்காதீர்கள். மேல் தட்டில், காற்று அடித்துக்கொண்டு போகிற பக்கம் வைத்து, குழாயை மட்டும் நீளமாக விடுங்கள். குளிர் மாதங்களில் வண்டிகளை ஒவ்வொன்றாக இறக்குங்கள்.

15. மாங்கூழ் ஃபேக்டரி குடோன்ல டீசல் ஃபோர்க்லிஃப்ட் ஓடுது. அதுவும் இதே கதையா?

அதே கதைதான். சீசனில் இரவு பகலாக டிரம் அடுக்கும்போது கதவைச் சாத்தி வைக்கிற குடோனும் சுரங்கமும் ஒன்றுதான். இங்கே பேட்டரி ஃபோர்க்லிஃப்ட் வாங்குவது சுலபம். தரை சமம், தூரம் குறைவு, சார்ஜ் போட இடம் இருக்கிறது. அடித்தளத்தில் ஜெனரேட்டர் வைத்திருக்கிற ஹோட்டல்களுக்கும் ஒரு வார்த்தை: புகைக்குழாய் கட்டிடத்துக்கு மேலே போய்த் திறக்க வேண்டும், ஜன்னலுக்குக் கீழே இல்லை.

16. உள்ள தலை சுத்துச்சு. மேல வந்து விரல்ல மாட்டிப் பார்த்தா ஆக்சிஜன் 98 காட்டுது. அப்போ ஒண்ணுமில்லைதானே?

தயவுசெய்து இந்தப் பதிலை முழுதாகப் படியுங்கள். விரலில் மாட்டும் கருவியால் ஆக்சிஜன் உட்கார்ந்த ரத்தத்தையும் கார்பன் மோனாக்சைடு உட்கார்ந்த ரத்தத்தையும் பிரித்துப் பார்க்க முடியாது. இரண்டும் அதற்கு ஒரே சிவப்பு. 98 காட்டிக்கொண்டே ஆள் மயங்கி விழலாம். ஆஸ்பத்திரிக்குப் போய், "டீசல் புகைக்குள்ள இருந்தேன், கார்பன் மோனாக்சைடுக்கு ரத்தம் பாருங்க" என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். சாதாரணக் காற்றில் அது ரத்தத்தில் பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகும்.

நைட்ரஜன் டை ஆக்சைடு இன்னொரு விதமாக ஏமாற்றும். உள்ளே கொஞ்சம் இருமல் வரும், மேலே வந்ததும் நின்றுவிடும். சாப்பிட்டுவிட்டுப் படுப்பார்கள். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சு வாங்கும். வெடிப்புகையிலும் இதே வாயு உண்டு. அதிகம் இழுத்துவிட்ட ஆளை அன்றிரவு அறையில் தனியாகப் படுக்கவிடாதீர்கள்.

17. சொன்னா வேலைய விட்டு அனுப்பிடுவாங்க. யாருகிட்ட சொல்றது?

சுரங்கம் என்றால் மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம், தலைமையகம் தன்பாத். தமிழ்நாட்டில் ஃபேக்டரி என்றால் மாநிலத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். வண்டி எண், தேதி, ஷிஃப்ட், எந்த முகப்பு, எத்தனை பேருக்குத் தலைவலி என்று எழுதிக் கொடுங்கள். "புகை ஜாஸ்தி" என்று மட்டும் எழுதினால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நாலைந்து பேராகச் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள், தனியாக ஒருவர் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

18. அவரு லீவுல வந்தா துணியெல்லாம் கரியா இருக்கு. நான் துவைக்கிறதுல குழந்தைக்கு ஏதாவது ஆகுமாண்ணா?

பாலக்கோட்டிலிருந்து ஒரு தங்கை கேட்டது. துணியில் இருப்பது அவர் உள்ளே சுவாசித்ததில் சின்னப் பங்குதானம்மா, பயப்பட வேண்டாம். ஆனாலும் அந்தத் துணியைக் குழந்தைத் துணியோடு சேர்க்காமல் தனியாக ஊற வையுங்கள். உதறாமல் அப்படியே தண்ணீரில் போடுங்கள். வேலைத் துணியை அங்கேயே அலசிவிட்டு வரச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் அவரிடம் கேளுங்கள். மூக்குச் சிந்தினால் கறுப்பாக வருகிறதா, எத்தனை நாளைக்கு வருகிறது என்று. வேலைக்குத் திரும்பிய பிறகு தினமும் கறுப்பாகவே வந்தால், அன்றைக்கு அவர் பக்கத்தில் ஓடிய வண்டியின் எண்ணைக் குறித்துக்கொண்டு எனக்குப் போன் போடச் சொல்லுங்கள்.